அரைக்கூடை மண்

நெடுங்கரையை ஆண்ட கேசரிவர்மருக்கு நல்லாட்சி எது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. அவர் ஆண்டால் அது நல்லாட்சி. ஜனங்களுக்குத்தான் அது விளங்கவில்லை.

ஊருக்கு மேலே ஏரி. அதன் கரை கரைந்து கிடந்தது. மழைக்கோ பத்தே நாள். அவரவர் தெருவுக்கு நேரே வீட்டுக்கு ஒரு பங்கு கரையை அளந்துவிட்டு, மண் சுமந்து உயர்த்தச் சொல்லி உத்தரவு வந்தது. ராஜவீதிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு ஓலை. அவர்கள் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் சுமக்க வேண்டும். பெரிய மனிதர்களுக்கு முதுகு கொஞ்சம் மென்மை, பாவம்.

ஜனங்கள் வந்தார்கள். அரைக்கூடை மண் எடுத்தார்கள். விருந்து சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். கேட்டால், "பிரதானி வீட்டுப் பங்குக்கு இது போதுமுங்க" என்றாள் பேச்சாயி என்ற ஒருத்தி. கரை ஒரு சாண்கூட ஏறவில்லை.

"சோம்பேறிகள். சவுக்கடி கொடுத்தால் சரியாகிவிடும்" என்றார் பிரதானி சங்கரராயர்.

சபையில் வாய்க்காரன் என்று பேர் வாங்கிய ஆவுடையப்பன் எழுந்தான். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பதும் அந்த ஏரிக்குக் கீழேதான்.

"சவுக்கு வேண்டாம், மகாராஜா. வேலையை என்னிடம் விடுங்கள்."

"விடுகிறேன். ஆனால் நான் கொடுத்த விலக்கு ஒன்றைக்கூட ரத்து செய்யக் கூடாது. கரை முடியாவிட்டால் முதல் சவுக்கடி உனக்கு."

"ஒரு விலக்கையும் தொட மாட்டேன்."

மறுநாள் தண்டோரா போட்டான். அவரவர் பங்கை அவரவர் முடித்தால் போதும். அடுத்தவர் பங்கில் ஒரு பிடி மண்ணும் போடக் கூடாது. அவ்வளவுதான். ஆறே நாளில் கரை ஆள் உயரம் எழும்பி நின்றது.

ஏழாம் நாள் வானம் கறுத்தது. அரசர் பார்வையிட வந்தார், பின்னாலேயே ராஜவீதிப் பெரியவர்கள். அவர்கள் வீதிக்கு நேரே மட்டும் கரை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இது என்ன?"

"விலக்கு வாங்கியவர்கள் பங்கு, மகாராஜா. உங்கள் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன்."

"தண்ணீர் இந்த வழியாக வருமே?"

"வரும். விலக்கு ஓலை உள்ள வீடுகளுக்கு மட்டும் போகும். மரியாதை தெரிந்த தண்ணீர்."

சங்கரராயர் தம் ஓலையை முறித்துப் போட்டார். பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு கூடை தேடி ஓடினார். ராஜவீதியே பின்னால் ஓடி மண் கொட்டியது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நடுவில் அந்தப் பெரிய பள்ளத்தை மட்டும் ஏன் ஒருவரும் தொடவில்லை? எவன் பங்கு அது? பிடித்து வாருங்கள் அவனை."

ஆவுடையப்பன் பட்டியலை நீட்டினான்.

"அரண்மனைப் பங்கு, மகாராஜா. விலக்குப் பட்டியலில் முதல் பெயர்."

சிரிப்பு நின்றது. அரசர் வானத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றி ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டு, மண்ணை அள்ளிப் போட்டுக் கூடையைத் தூக்கினார்.

"நம்ம ராஜா தேவலையே" என்றாள் பேச்சாயி.

பதினெட்டு வருஷ ஆட்சியில் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது அதுவே முதல் தடவை. மனம் குளிர்ந்துபோயிற்று.

"ஆவுடையப்பா, என்ன பரிசு வேண்டும், கேள்."

அவன் அரசரின் கூடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் அரைக்கூடை மண், மகாராஜா. ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."