நரிக்கு அளவெடுத்த கதை

புளியங்காட்டு ஜமீனில் ஆவுடையப்பன் என்று ஒரு வேட்டைத் தலைவர் இருந்தார். தலைவர் என்றால் சும்மா இல்லை. தலையில் சிவப்புத் தலைப்பாகை, அரண்மனைப் பந்தியில் முதல் இலை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அடித்ததெல்லாம் மூட்டைப்பூச்சிதான். அதிலும் குறி தப்பியது உண்டு. அவருக்குக் கீழே மாசானம், உலகமுத்து என்று இரண்டு பேர். அறிவில் தலைவரை மிஞ்சிவிடக் கூடாது என்கிற மரியாதை தெரிந்தவர்கள்.

ஒருநாள் ஜமீன்தார் கூப்பிட்டுவிட்டார்.

"வே ஆவுடையப்பன், கலெக்டர் வீட்டுத் துரைசாணி கழுத்துல போட்டுக்க நரித்தோல் கேட்டிருக்காக. பெரிய ஓட்டையோட கொண்டாந்தீரு, தலைப்பாகையை உருவிட்டுச் சாணி அள்ள அனுப்பிருவேன். முதல்ல நரிக்கு அளவான தோட்டாவாப் பாத்து எடும்."

ஆவுடையப்பனின் கை தானாகத் தலைக்குப் போனது. சாணி அள்ளுவதுகூடப் போகட்டும். தலைப்பாகையை உருவினால் உள்ளே இருக்கிற வழுக்கை ஊருக்கே தெரிந்துவிடுமே!

ஆயுதசாலையில் மூன்று ரைபிள் இருந்தது. மூன்றுக்கும் மூன்று விதத் தோட்டா. ஒன்று கட்டைவிரல் தண்டி, ஒன்று சுண்டுவிரல் தண்டி, இன்னொன்று கத்தரிக்காய்க் காம்புத் தண்டி.

"இதுல நரிக்கு அளவு எது அண்ணாச்சி?" என்றான் மாசானம்.

"நரியை அளக்காம எப்படிலே சொல்றது?"

நியாயம்தானே. மூவரும் காட்டுக்குப் போய் வலை விரித்தார்கள். புதருக்குள்ளிருந்து ஒரு நரி இவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு தைரியமாக வெளியே வந்தது. கால் தவறி வலையில் விழுந்தது. அதைப் பெரிய கூடைக்குள் இறக்கி, உலகமுத்து கயிறு வைத்து மூக்கிலிருந்து வால்வரை அளந்தான். இரண்டு கடி வாங்கினாலும் அளவு சுத்தமாக வந்தது.

"ரெண்டரை முழம் அண்ணாச்சி!"

அடுத்து தோட்டாக்களை அளந்தார்கள். மூன்றில் ஒன்றுகூட இரண்டரை முழம் இல்லை. மூவரும் கவலையோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் ஆவுடையப்பனுக்குத்தான் பொறி தட்டியது. "ஏலே, தோட்டா நரி அளவுக்கு இருந்தா தோல் முழுக்க ஒரே ஓட்டையாப் போயிருமேலே!"

மாசானத்துக்குப் புல்லரித்தது. "அப்போ ஒவ்வொண்ணாச் சுட்டு, எது சின்ன ஓட்டை போடுதுன்னு பாத்துருவோம்."

"நரி மேலயா? தோல் கெட்டுப் போகும்லா. வேற தோல்ல சுடணும்."

"யார் தோல்ல?" என்றான் உலகமுத்து.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

நல்லவேளை, அரண்மனைக் கூடத்தில் ஜமீன்தாரின் பாட்டனார் சுட்ட சிறுத்தைத் தோல் சும்மாதான் கிடந்தது. அதைக் கொண்டுவந்து மரத்தில் கட்டி, குறி தப்பாமலிருக்க இரண்டடி தள்ளி நின்று சுட்டார்கள். முதல் ஓட்டை எலுமிச்சம்பழம் போல. இரண்டாவது கொட்டைப்பாக்கு. மூன்றாவது மிளகு.

"இதான்லே நரித்தோட்டா!" ஆவுடையப்பன் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்படியே கூடையில வச்சுச் சுட்டுருவோமா?" என்றான் உலகமுத்து.

தலைவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நாம என்ன கசாப்புக்கடையா வச்சிருக்கோம்? எசமான் முதல்ல தோட்டாவைப் பாத்து எடுக்கச் சொன்னாரு. எடுத்தாச்சு. திறந்து விடுலே!"

திறந்து விட்டார்கள். நரி போயிற்று.

அரண்மனையில் ஜமீன்தார் சிறுத்தைத் தோலை விரித்துப் பார்த்தார். முதல் ஓட்டையில் கட்டைவிரலை விட்டார். பிறகு இரண்டு விரலை விட்டார். முகம் கறுத்தது.

"நரி எங்கவே?"

"அளவெடுத்து அனுப்பிட்டோம் எசமான். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கோம்," என்றார் ஆவுடையப்பன்.

"அது வருமாவே?"

"தலையை ஆட்டிட்டுத்தான் எசமான் போச்சு."

ஆவுடையப்பன் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜமீன்தார் வெகுநேரம் யோசித்தார்.

"காலையிலயா, சாயங்காலமா?" என்றார்.

அது யாருக்கும் தெரியவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே காட்டோரம் நாற்காலி போட்டு ஜமீன்தார் காத்திருந்தார். பக்கத்திலேயே மூன்று பேரும் குளித்து முழுகி நின்றார்கள். பொழுது சாய்ந்தது. நரி வரவில்லை.

"தப்பு நம்ம மேலதான் வே," என்றார் ஜமீன்தார் வருத்தத்தோடு. "வெள்ளியும் அதுவுமா உயிரை விடக் கூப்பிட்டா, நல்ல குடும்பத்து நரி எப்படி வரும்? சனிக்கிழமைக்கு மாத்திச் சொல்லிவிடும்."

உடனே ஆவுடையப்பன் தமுக்கடித்துக்கொண்டு காட்டுக்குள் போனார்.

"இதனால் சகலமான நரிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால்... நாளைக்குக் கூப்பிட்ட நரி மட்டும் வந்தாப் போதும். சொந்தபந்தம் யாரும் கூட வர வேண்டாம். ஒரு தோட்டாதான் எடுத்து வச்சிருக்கு!"