நாலாம் நம்பர் ஆயில்

கோயமுத்தூரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால்தான் வெள்ளிங்கிரி, நாச்சிமுத்து, திருமூர்த்தி மூவரையும் அந்த ஊர் இத்தனை காலம் தாங்கிக்கொண்டது. மூவரும் பீளமேட்டில் ஒரு வெட் கிரைண்டர் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். முதலாளி தொழிலை மூடிவிட்டுப் பட்டறையைத் தன் மகள் மிருதுளாவிடம் கொடுத்தார். அவள் ரேஸ் கார் ஓட்டுகிறவள். கல்லோடு குழவி வருவதுபோல் பட்டறையோடு இவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

மூவரில் தான்தான் விவரமானவன் என்பது வெள்ளிங்கிரியின் எண்ணம். மற்ற இருவரும் அதை ஒப்புக்கொண்டதால் சண்டையே வந்ததில்லை. அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. ரேஸ் மைதானத்தில் மிருதுளாவின் ஆட்கள் போடுகிற சிவப்புச் சட்டையை அவனும் ஒரு நாள் போட வேண்டும். துவைத்துக் காயும்போது அந்தச் சட்டைகளை அவன் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம்.

சனிக்கிழமை காலையில் மிருதுளா வந்து சொன்னாள்: "அண்ணா, நாளைக்கு ரேஸ். ரெண்டாவது கியர் கரகரங்குது. இன்னைக்கு கியர் ஆயில் மாத்தியே ஆகணும். மெக்கானிக் பாய்க்கு அம்மை போட்டிருக்கு, வர முடியாது. போன்ல சொல்லுவாரு, நீங்க செஞ்சிருங்க. நான் ஜெயிச்சா மூணு பேருக்கும் சிவப்புச் சட்டை."

வெள்ளிங்கிரி சந்தோஷத்தில் உடனே தலையை ஆட்டினான்.

மெக்கானிக் சிக்கந்தர் பாய் இவர்களை நன்றாக அறிந்தவர். அதனால் போனை எடுத்ததும் முதலில் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். "நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. சொல்லாத எதையும் செய்யாதீங்க." பாவம், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் வாங்கினார்.

பிறகு சொன்னார்: "கடையில நாலாம் நம்பர் கியர் ஆயில் ரெண்டு டின் வாங்குங்க. அஞ்சாம் நம்பர் கொடுத்தா வேண்டாம்னு சொல்லிருங்க. அது கியர் பாக்ஸ்ல இருக்கிற பித்தளையை அரிச்சிரும்."

கடையில் டின்னைக் கையில் வாங்கியதும் திருமூர்த்திக்குச் சந்தேகம் வந்தது.

"ஏனுங்ணா, நம்ம வண்டிக்கு கியர் எத்தன?"

"அஞ்சு."

"ஆயிலு?"

"நாலு."

மூவரும் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாச்சிமுத்துதான் மெதுவாகக் கேட்டான்: "அப்ப அஞ்சாவது கியருக்கு?"

"சத்தியம் பண்ணியிருக்கோம்" என்றான் வெள்ளிங்கிரி. "அது பட்டினியாத்தான் கெடக்கோணும்."

கடைக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கடையில் கூட்டம் அதிகமாக இருந்ததால் மூடிக்கொண்டார்.

அடுத்து பாய் சொன்னது: "வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. சூடானாத்தான் பழைய ஆயில் நல்லா வடியும்."

மூவரில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. திருமூர்த்தி முகம் வாடிவிட்டது.

"ஓட்டச் சொன்னாரே ஒழிய உள்ள ஏறி உக்காரச் சொன்னாரா?" என்றான் வெள்ளிங்கிரி. "மாடு ஓட்டறவன் மாட்டு மேலயா உக்காந்துட்டுப் போறான்?"

உச்சி வெயிலில் காரைப் பட்டறையைச் சுற்றித் தள்ளினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சூடாயிருச்சா?"

"எனக்கு நல்லா ஆயிருச்சுங்ணா."

வெள்ளிங்கிரி வெயிலில் நின்ற காரின் முன்மூடியைத் தொட்டான். கையை உதறிக்கொண்டு, "வண்டிக்கும் ஆயிருச்சு" என்றான்.

கார் மட்டமாக நிற்க வேண்டும் என்றார் பாய். பட்டறைத் தரையோ கிரைண்டர் கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்டது. ஜாக்கியால் தூக்கி, பழைய கிரைண்டர் கற்களைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, கச்சிதமாக மட்டம் செய்துவிட்டார்கள். இது ஒன்று எப்படிச் சரியாக நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் புரியவில்லை.

"கியர் பாக்ஸ்ல மேல் போல்ட்டை முதல்ல கழட்டுங்க, அப்புறம் கீழ் போல்ட்டு" என்றார் பாய். "பழசு சொட்டி முடிஞ்சதும் மேல் ஓட்டையில புதுசை ஊத்துங்க. வழியிற வரைக்கும் ஊத்தணும். வழிஞ்சதும் கூப்பிடுங்க."

கறுத்த ஆயில் கீழே வைத்த கிரைண்டர் பாத்திரத்தில் இறங்கியது. சொட்டு நின்றதும் நாச்சிமுத்து புனலை வைத்துப் புது ஆயிலை ஊற்ற ஆரம்பித்தான். தேன் நிறத்தில் மேலே போன ஆயில் அதே நிறத்தில் கீழே வந்தது.

"அண்ணா, வழியுதுங்."

"அதுக்குள்ளயா?"

"கீழ வழியுது."

வெள்ளிங்கிரி யோசித்தான். "பாய் மேல வழியோணும்னாரா, கீழ வழியோணும்னாரா?"

"வழியோணும்னு மட்டுந்தான் சொன்னாரு."

"கீழ் போல்ட்டை மாட்டிரலாமுங்களா?" என்றான் திருமூர்த்தி. அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

வெள்ளிங்கிரி அவனை முறைத்தான். "மாட்டச் சொன்னாரா?"

"இல்லீங்."

"சத்தியம் பண்ணுனமா?"

"பண்ணுனமுங்."

நாச்சிமுத்துதான் எல்லோர் மனசையும் தேற்றினான். "ஏனுங்ணா, புதுக் கிரைண்டர்ல மொத மாவைக் கீழதான கொட்டுவோம்? கல்லு கழுவுன மாவு ஆகாதே. இதும் அப்புடித்தான்."

பட்டறை வழக்கம் அது. அதை யாரும் மறுக்க முடியவில்லை. நிம்மதியாக முதல் டின்னைக் காலி செய்தார்கள். இரண்டாவது மாவும் ஆகாது என்று சொல்கிறவர்கள் உண்டு என்பதால் இரண்டாவது டின்னையும் காலி செய்தார்கள்.

"நல்லா வழிஞ்சிருச்சுங் பாய்" என்று வெள்ளிங்கிரி போனில் சொன்னான்.

"மாஷா அல்லாஹ்! மேல் போல்ட்டை மாட்டிருங்க. டின்ல மீதி எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்."

பாய்க்குச் சந்தேகம் தட்டியது. "கீழ் போல்ட்டை எப்ப மாட்டினீங்க?"

"அதைத்தான் நீங்க இன்னும் சொல்லவே இல்லீங்களே!"

அதன் பிறகு போனில் பாய் உடம்பைச் சொறிந்துகொள்ளும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சாயங்காலம் மிருதுளா வந்தாள். கோபம் வந்தால் திட்டுகிறவள், ரொம்பக் கோபம் வந்தால் சிரித்துவிடுவாள். அன்றைக்குச் சிரித்தாள். இவர்களை நம்பி வேலையைக் கொடுத்தவள் என்பதால், அதே ஆயிலில் இன்னும் இரண்டு டின் தனியாக வாங்கி வைத்திருந்தாள். கீழ் போல்ட்டை அவளே முறுக்கினாள். அவளே ஊற்றினாள். மேல் ஓட்டையில் ஆயில் வழிந்ததும் மூடினாள். புனலைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளிங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மிணி, அந்தச் சட்டை..."

"ஜெயிச்சா பார்க்கலாம்ணா."

மறுநாள் மைதானத்தில் வெள்ளிங்கிரிக்கு அவள் கொடுத்த வேலை, ஓட்டுகிறவருக்குச் சேதி எழுதிக் காட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. வீட்டில் நேரலையில் ரேஸ் பார்க்கும் பாய் போனில் ஏதாவது சொன்னால் எழுதிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இதில் கெடுப்பதற்கு எதுவும் இல்லை என்று அவள் நினைத்துவிட்டாள்.

ரேஸ் தொடங்கியது. கரகரப்பு போன இடம் தெரியவில்லை. மிருதுளா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். வெள்ளிங்கிரிக்கோ மனசு அடித்துக்கொண்டது. அம்மிணி ஊற்றியதும் நாலாம் நம்பர்தானே? பட்டினி கிடக்கிற அஞ்சாவது கியரைப் போட்டு அது நடுவழியில் சுருண்டு விழுந்துவிட்டால்? சட்டை போவது இருக்கட்டும், அம்மிணிக்கு என்ன ஆகும்? சாக்பீஸை எடுத்துப் பெரிதாக எழுதிப் பலகையை நீட்டினான்: "அஞ்சு போடாதீங்க."

பாய்தான் ஏதோ கோளாறு கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார் என்று மிருதுளா நினைத்தாள். அஞ்சாவதைத் தொடவே இல்லை. அந்த மைதானத்தில் நேர்ப்பாதை ரொம்பக் குட்டை. மற்றவர்கள் அஞ்சுக்கு ஏறி, ஏறிய வேகத்தில் நாலுக்கு இறங்கி, அதிலேயே நேரத்தைத் தொலைத்தார்கள். இவள் நாலிலேயே என்ஜின் அலற அலற வந்து முன்னால் போன இரண்டு பேரையும் தாண்டினாள். ஜெயித்தும்விட்டாள்.

காரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் அதைத்தான் கேட்டாள். "அண்ணா, பாய் என்ன சொன்னாரு? அஞ்சாவதுல என்ன கோளாறு?"

"பாய் ஒண்ணும் சொல்லலீங் அம்மிணி. நாம ஊத்துனது நாலாம் நம்பரு. அஞ்சாவதுக்கு ஊத்தவே இல்லீங்களே!"

மிருதுளா காரின் மேலேயே சாய்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பையிலிருந்து மூன்று சிவப்புச் சட்டைகளை எடுத்து மூவருக்கும் நீட்டினாள். வெள்ளிங்கிரி சட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டான்.

அதற்குள் மைதானத்து ஆள் ஒருவர் ஓடிவந்தார். "மேடம், வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுங்க, பரிசு மேடை போடணும்."

மிருதுளா உள்ளே உட்கார்ந்து ரிவர்ஸ் கியரில் கை வைத்தாள். வெள்ளிங்கிரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாமுங் அம்மிணி! அதுக்கும் ஊத்தலீங்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காரின் முன்னால் நாச்சிமுத்துவும் திருமூர்த்தியும் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பின்னுக்குத் தள்ளத் தயாராக நின்றார்கள்.

"ரிவர்ஸுக்கு நாங்க இருக்கோமுங்" என்றான் திருமூர்த்தி.