திருமூர்த்தியின் பித்தளைச் சக்கரம்

"மூணு நிமிஷம் நாப்பது செகண்டு சுத்துதுங்க அம்மணி. ஆனா ஒரு மீனும் சிக்க மாட்டேங்குது."

திருமூர்த்தி வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மயிலாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் ஆற்றில் போய்க்கொண்டிருந்த தக்கையின் மேல் இருந்தது.

"டீ கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேனுங்க."

"அப்ப உக்காருங்க."

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யருக்கு அறுபத்திரண்டு. குரு, பவானிக் கரையில் ஒரு வாழைத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவள். மோட்டார் ஓடும் நேரத்தில் தூண்டில் போடுவாள். சிஷ்யர் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். போன வருஷம் ஒருநாள் இந்தப் பக்கம் வந்தபோது, அவள் வரிசையாக நாலு கெண்டை எடுப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். வாராவாரம் டீ கொண்டுவந்தால் சொல்லித் தருகிறேன் என்றாள் அவள். தன்னைவிட இருபது வயது சின்னவளிடம் கற்பதா என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்த மட்டுக்கும் புத்திசாலி.

மற்ற விஷயங்களில் கொஞ்சம் கஷ்டம்தான்.

அவள் போடும் தூண்டில் ஒரு தினுசு. கோலின் அடியில் ஒரு சக்கரம். நடுவில் ஒரே ஒரு அச்சு. பல்சக்கரம் கிடையாது. பிரேக் கிடையாது. பிரேக் வேண்டுமென்றால் கட்டைவிரல் இருக்கிறது. ஆறு தக்கையை இழுக்கும், தக்கை நைலான் நரம்பை இழுக்கும், நரம்பு சக்கரத்தைச் சுற்றும். இரை ஆற்றோடு ஆறாகப் போக வேண்டும். துளி பிடித்து இழுத்தாலும் கெண்டைக்குத் தெரிந்துவிடும். கெண்டை சந்தேகப் பிராணி.

மயிலாத்தாளின் சக்கரம் பழைய அலுமினியம். உடம்பெல்லாம் ஓட்டை. ஊட்டி எஸ்டேட்டிலிருந்து வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அவளைக் கேட்டால் சந்தையில் வாங்கினேன் என்பாள்.

திருமூர்த்தியின் சக்கரம் அவரே கடைந்தது. முக்கால் கிலோ பித்தளை. இரண்டு பேரிங். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ்.

"பாருங்க," என்று அதை ஒரு தட்டு தட்டிவிட்டார்.

சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மயிலாத்தாள் டீயை ஊற்றினாள். ஆற்றிக் குடித்தாள். டம்ளரை ஆற்றில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"நின்னுருச்சுங்களா?"

"இப்பத்தானுங்க நின்னுது," என்றார் திருமூர்த்தி பெருமையாக.

"இப்ப ஓட வைங்க."

அவர் விரலை நீட்டினார்.

"விரலு வெக்காம."

திருமூர்த்தி சக்கரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"விரலு வெக்காம எப்படிங்க ஓடும்?"

மயிலாத்தாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்தாள். ஆற்றிலிருந்த தக்கையை இழுத்தெடுத்துவிட்டு, தன் சக்கரத்து நரம்பின் நுனியில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். சக்கரம் தானாக அசைந்தது. புளியங்கொட்டை அவசரமே இல்லாமல் இறங்கித் தரையைத் தொட்டது.

அதே கொட்டையை அவிழ்த்து அவர் நரம்பில் கட்டினாள்.

கொட்டை தொங்கியது. அவ்வளவுதான். முக்கால் கிலோ பித்தளையை அதனால் அசைக்க முடியவில்லை.

இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொங்குகிற ஒரு புளியங்கொட்டையை அறுபத்திரண்டு வயது மனிதர் அத்தனை வெறுப்போடு பார்த்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவள் அவருடைய அச்சை விரலால் தொட்டாள். விரல் மஞ்சளாக வந்தது.

"இது என்னங்ணா?"

"கிரீஸுங்க. லாரிக்கு வெக்கறது. நல்ல சரக்கு."

"லாரிக்கு நல்லதுதானுங்க."

பிறகு தன் சக்கரத்தைக் கழற்றினாள். ஒரே ஒரு திருகு. அச்சைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கோழி இறகின் நுனியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்துத் தடவினாள். தடவியதைத் திரும்பவும் துடைத்தாள்.

"போட்டுட்டு, அதையே தொடைக்கறீங்களே?"

"தொடச்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கறது போதுமுங்க."

திருமூர்த்தி எழுந்தார். முகம் வாடிவிட்டது.

"வெள்ளிக்கிழமை காலைல லேத்த எடுத்துட்டுப் போக லாரி வருதுங்க அம்மணி. முட்டி போயிருச்சு, இனி நின்னு வேலை செய்ய முடியாதுன்னு வித்துப்போட்டேன். இதுதான் நான் கடையற கடைசி உருப்படி. இது சரியா வரோணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானுங்களே," என்றாள் அவள்.

*

செவ்வாய்க்கிழமை மதியமே வந்துவிட்டார்.

சக்கரத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. உள்பக்கத்தைக் கடைந்து கடைந்து தகடாக்கியிருந்தார். முன்பக்கத்தில் வரிசையாக ஓட்டை போட்டிருந்தார். பேரிங் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, அச்சு நுழைய வெண்கலக் குழலாக ஒரு புஷ் அடித்திருந்தார். மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, தடவியதைத் துடைத்தும் இருந்தார். முக்கால் கிலோவில் கால் கிலோதான் மிச்சம்.

"இப்ப அம்பது எண்ணறதுக்குள்ள நின்னு போகுதுங்க," என்றார். சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மயிலாத்தாள் புளியங்கொட்டையைக் கட்டினாள்.

சக்கரம் அசைந்தது. திருமூர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்தார். கொட்டை இறங்கியது. அரைச் சுற்று. அங்கேயே நின்றது.

"அட!" என்றார்.

அவள் கொட்டையை அவிழ்த்துவிட்டுச் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினாள். சுற்றி, மெதுவாகி, கொஞ்சம் பின்னால் ஆடி நின்றது. இன்னொரு தட்டு. அதேபோல ஆடி, அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தட்டு. மறுபடியும் அதே இடம்.

"கீழ ஏதோ எழுதியிருக்குதுங்களே," என்றாள்.

ஓட்டைகளுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்குத் தகடு முழுசாக இருந்தது. கடையவில்லை. ஓட்டை போடவில்லை. எழுத்துப் பஞ்ச் வைத்து ஒவ்வொன்றாக அடித்திருந்தது: ரா. திருமூர்த்தி, கோவை.

"பேருங்க," என்றார் அவர்.

"அதுதான் ஒவ்வொரு தடவையும் கீழ வந்து நிக்குது."

திருமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"அதுல மட்டும் கை வெக்க மாட்டேனுங்க," என்றார். "அந்த மோட்டார் ரூமப் பாருங்க. உள்ள ஓடற ஷாஃப்டு நான் கடைஞ்சதா இருக்கும். கோயமுத்தூர்ல பாதி மோட்டாருக்கு நான்தான் கடைஞ்சேன். மேல பித்தளைத் தகட்டுல யாரு பேரு போட்டிருக்குது? எவனோ ஒருத்தன் பேரு. நாப்பத்தொரு வருஷமுங்க. ஒருத்தராவது, 'இத யாரு கடைஞ்சது'ன்னு கேட்டதில்லீங்க. நீங்களே கேக்கல!"

"கேக்கலதானுங்க."

"முதல் தடவையா பேரு போட்டிருக்கறேன். கடைசித் தடவையும் இதுதான். வெள்ளிக்கிழமைக்கு மேல நெனச்சாலும் போட முடியாது."

மயிலாத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு மோட்டார் ரூம் பக்கமிருந்து வரும் சத்தத்தைக் கேட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் ஓடுது," என்றாள்.

"அதத்தானுங்க நானும் சொல்றேன்!"

மயிலாத்தாள் அவர் சக்கரத்தை அவருடைய கோலிலேயே மாட்டி, இரையைக் கோத்து, தக்கையை ஆற்றில் விட்டு, கோலை அவர் கையில் கொடுத்தாள்.

தக்கை போனது. நின்றது. நரம்பு விறைத்ததும் சக்கரம் ஒரு துள்ளு துள்ளித் திரும்பியது. தக்கை மறுபடி போனது. மறுபடி நின்றது. பெயர் மேலே ஏறவேண்டிய ஒவ்வொரு முறையும் ஆறு சிரமப்பட்டது. திருமூர்த்தி அதைக் கையில் உணர்ந்தார். நாற்பத்தொரு வருஷம் இரும்பைத் தொட்ட கை அது. தெரியாமல் இருக்குமா?

பதினைந்து முறை தக்கையை விட்டார். ஒரு கெண்டையும் சீண்டவில்லை.

போகும்போது அவர் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஃப்ளாஸ்க்கையும் மறந்துவிட்டார்.

*

புதன் அவர் வரவில்லை. வியாழனும் வரவில்லை.

மயிலாத்தாள் ஃப்ளாஸ்க்கைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். வாய்க்கால் வரப்பில் நின்று இரண்டு தடவை ரோட்டைப் பார்த்தாள். யாரையும் எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் திருமூர்த்தி இறங்கினார். கையில் ஒரு தூக்குவாளியில் டீ இருந்தது.

"லேத்து போயிருச்சுங்களா?"

"காலைல பத்து மணிக்குப் போயிருச்சுங்க. ஏத்தறதுக்கு ஏழு பேரு."

"சங்கடமா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க," என்றார். "நேத்துப் பூரா அதுலதான் நின்னேன். அதுக்கு மேல நிக்க ஒண்ணுமில்ல."

சக்கரத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

பெயர் இருந்த இடத்தில் ஆறு ஓட்டை. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் ஒரே ஒரு 'மூ' மட்டும் பாதியாக நின்றது. சுற்றி எங்கே தொட்டாலும் தகடு ஒரே கனம். ஓட்டைகளின் விளிம்பில் பிசிறு இல்லை. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்.

அவள் தட்டிவிட்டாள். 'மூ' மேலே வந்து நின்றது. மறுபடி தட்டினாள். இடப்பக்கம் நின்றது. மூன்றாவது தடவை எங்கேயோ நின்றது. எங்கே நிற்கவேண்டும் என்று அதற்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

மயிலாத்தாள் சுருக்குப்பையைத் திறந்து புளியங்கொட்டையைத் தேடினாள். எடுத்துத் திரும்புவதற்குள் திருமூர்த்தி சக்கரத்தை வாங்கிக் கோலில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார். முழங்கால் அளவு ஆழத்தில், போன முட்டியோடு நின்றிருந்தார்.

அவள் கொட்டையைத் திரும்பப் பையில் போட்டாள்.

தக்கை ஆற்றில் விழுந்தது. ஆறு அதை எடுத்துக்கொண்டது.

சக்கரம் சுற்றத் தொடங்கியது. யாரும் தட்டவில்லை. பாறை இருக்கும் இடத்தில் தண்ணீர் மெதுவாகும்போது அதுவும் மெதுவானது. மடுவுக்கு அருகே தண்ணீர் வேகம் எடுத்தபோது அதுவும் வேகம் எடுத்தது. தக்கை ஒரு முறையும் தயங்கவில்லை.

மயிலாத்தாள் டீயை ஊற்றிக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு டம்ளரும் ஊற்றிக்கொண்டாள்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, ஆற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா! இந்தச் சக்கரத்த யாருங்க கடைஞ்சது?"

திருமூர்த்தியின் கட்டைவிரல் சக்கரத்துக்கு மேலே, தொட்டும் தொடாமலும் நின்றது. கண் தக்கையை விட்டு நகரவில்லை.

"சத்தம் போடாதீங்க அம்மணி," என்றார். "போயிட்டிருக்குது."