வழுக்குப் பாறையில் கடமான்

நீலகிரியின் உச்சிப் புல்வெளியில் உறைபனிக் காலம் வந்தால் நரிக்குக் கொண்டாட்டம்.

அங்கே ஓடைக்கரையில் ஒரு சரிவுப் பாறை. அதன்மேல் கசியும் நீர் இரவில் உறைந்து, விடியலில் கண்ணாடியாகப் பளபளக்கும். நரி பக்கத்துப் புதரில் போய் உட்கார்ந்துகொள்ளும். துள்ளி வருகிற முயலோ, கேளையாடு என்ற சிறுமானோ சறுக்கி, கணுக்கால் மடங்கி விழும். அப்புறம் துரத்தவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். இப்படி உட்கார்ந்தே உடம்பை வளர்த்த சோம்பேறி அது!

அன்று காலை ஒரு பெண் கடமான் பாறையின் மேல்முனைக்கு வந்தது. அதன் குட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் புல் மறைவில் படுத்திருந்தது. பிறந்து நாலு நாள்தான் ஆகிறது. பசியில் கத்திக்கொண்டிருந்தது.

நரி திட்டம் போட்டது. 'தாய் நல்லபடியாக இருக்கும்வரை குட்டியை நெருங்க முடியாது. ஓர் உதை விட்டால் மண்டை பிளந்துவிடும். இவள் இங்கே கால் ஒடிந்து விழட்டும், குட்டி எனக்குத்தான்!'

"அக்கா, அக்கா! குட்டி கத்துறது காதுல விழலையா? ஒரே தாவா தாவுங்க!"

கடமான் தாவவில்லை. முன்னங்காலை நீட்டிப் பாறையைத் தட்டிப் பார்த்தது. வழுக்கியது. காலை எடுத்து, காய்ந்த புல்லும் சரளையும் இருந்த ஓரத்தில் வைத்தது. குளம்பு முழுவதும் நன்றாகப் பதிந்த பிறகே உடம்பின் கனத்தை அதன்மேல் இறக்கியது.

நரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன அக்கா, வாத்து மாதிரி நடக்குறீங்க! யாராவது பார்த்தா மானம் போயிடும்!"

"பார்த்துட்டுப் போகட்டும் தம்பி," என்றது கடமான். தலையைக்கூடத் திருப்பவில்லை.

குட்டி மறுபடியும் கத்தியது. இந்த முறை குரல் மெலிந்திருந்தது. கடமானின் காதுகள் விடைத்தன. இதுதான் சமயம் என்று நரி ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டது.

"ஐயோ, செந்நாய்! குட்டிகிட்ட செந்நாய் வருது! ஓடுங்க அக்கா, ஓடுங்க!"

பாய்வதற்காகக் கடமானின் கால்கள் மடங்கின. நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

ஆனால் கடமான் பாயவில்லை. மடங்கிய கால்கள் மெல்ல நிமிர்ந்தன. ஒரு சாண் தூரம் அடி வைத்தது. மறுபடியும் ஒரு சாண்.

"பெத்த மனசா இது, கல்லா?" என்று கத்தியது நரி.

"நான் இங்கே கால் ஒடிஞ்சு கிடந்தா, செந்நாய் வந்தாலும் வராட்டியும் என் குட்டி செத்துப்போகும். அதுகிட்டப் போய்ச் சேர எனக்கு நாலு காலும் வேணும் தம்பி!"

கடமான் பாறையைக் கடந்து மண்ணில் கால் வைத்தது. அவ்வளவுதான், பிடித்தது பார் ஓட்டம்! ஒரே பாய்ச்சலில் ஓடையைத் தாண்டியது. குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது.

வயிறு காய்ந்தாலும் நரியின் மனம் சபாஷ் போட்டது. ஓடத் தெரிந்த எத்தனையோ பேர் அந்தப் பாறையில் விழுவதை அது பார்த்திருக்கிறது. துடிக்கிற மனதை அடக்கி நடந்த ஒருத்தியை அன்றுதான் பார்த்தது.

நரியின் குகைக்கும் வழி அந்தப் பாறைமேல்தான். வழக்கமாக இரண்டு இடத்தில் சறுக்கி, நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேரும். அன்று கடமான் கால் வைத்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது.

"இரை எங்கே?" என்று கேட்டது குகையில் காத்திருந்த பெண் நரி.

"விழல."

"அப்போ இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"நானும் விழாம வந்தேன்!"

வழுக்கும் இடத்தில், அவசரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிறிய அடியாக எடுத்து வைப்பவரே போய்ச் சேருவார்.