நீங்கள் அழித்ததை அழிக்கலாமா?

பூவிழி ஒரு நூற்பாலையின் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர். அன்று மேலாளர் தணிகாசலத்தின் அஞ்சல் பெட்டி நிரம்பி, புதிதாக எதுவும் வராமல் நின்றுவிட்டது. முதலாளியம்மா பக்கத்தில் இருக்க, தணிகாசலம் பூவிழியைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆலை விடுதிப் பெண்கள் குடிதண்ணி கேட்டு மாசக்கணக்கா எழுதினாங்களாம். உன் சர்வர் ஒண்ணையும் எனக்குக் கொண்டுவந்து சேர்க்கல. மதியத்துக்குள்ள சரிபண்ணு, இல்லேன்னா வேலையை விட்டுடு. கூடுதல் இடம் கிடையாது. நான் வச்சிருக்கற மெயில்ல ஒண்ணைக்கூடத் தொடக்கூடாது."

பூவிழி அசரவில்லை. பெட்டியை அலசிவிட்டு வந்தாள்.

"நீங்க வச்சிருக்கறதைத் தொடல சார். நீங்க அழிச்சதை அழிக்கலாமா?"

"அழிச்சதுதான் போயிடுச்சே."

"போகல சார். குப்பைத்தொட்டியில கிடக்குது. பாதி இடத்தை அதுதான் அடைச்சிருக்கு. வேண்டியது ஏதாவது இருந்தா என் மேல பழி வரும். அம்மா முன்னாலயே திறந்து பார்த்துடலாம்."

"வேண்டாம், அப்படியே அழிச்சுடு," என்றார் தணிகாசலம் அவசரமாக.

"திறம்மா," என்றார் முதலாளியம்மா.

விடுதியிலிருந்து வந்த பதினேழு கடிதங்கள் உள்ளே இருந்தன. எல்லாம் படித்தபின் எறியப்பட்டவை. முதலாளியம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப அழிக்கட்டுமா சார்?" என்று கேட்டாள் பூவிழி.

அன்று மாலையே விடுதி வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது.