கரடியைக் கட்டிப்பிடித்த காடு

கருவேங்கைக் காட்டில் ஆபத்து உதவிப் படை ஒன்று இருந்தது. பராக்கிரமன் என்ற கரடிதான் அதன் தலைவர். படைக்கு விதி ஒன்றே ஒன்று: எல்லோருக்கும் முன்னால் ஓட வேண்டும். எதற்குள் ஓடுகிறோம் என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பராக்கிரமன் கோழை இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பள்ளத்தில் விழுந்த கன்றைத் தூக்கியிருக்கிறது. வெள்ளத்தில் போன முயலைப் பிடித்திருக்கிறது. ஆனால் மீட்பு முடிந்ததும் நடக்கும் விழாவில்தான் அதற்கு உயிர். காடே வரிசையில் நின்று தலைவரைக் கட்டிப்பிடிக்கும். பிறகு ஊர்வலமாகக் குளத்துக்கு அழைத்துப்போய்க் குளிப்பாட்டும். வரிசையை ஒழுங்குபடுத்துவது கிச்சான் என்ற குரங்கின் வேலை. முதல் ஆளாகக் கட்டிப்பிடிப்பதும் அதுதான்.

ஒரு கோடைக் காலையில் மலைப்பாதையில் லாரி ஒன்று கவிழ்ந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு ஓடியே போய்விட்டார். நீலப் பீப்பாய்கள் சரிவில் உருண்டன. அவற்றில் ஒன்று உடைந்து வெள்ளைத் தூள் சிதறியது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த மான்குட்டியின் கால், அந்தப் பீப்பாய்க்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, என் குட்டி!" என்று தாய்மான் கதறியது.

பராக்கிரமன் மார்பைத் தட்டிக்கொண்டு கிளம்பியது. குறுக்கே வந்து நின்றது சிலுப்பி என்ற முள்ளம்பன்றி. அதன் வளை வனச் சோதனைச்சாவடிக்குப் பின்னால் இருந்தது. அங்கே நிற்கும் லாரிகளைப் பார்த்துப் பார்த்து அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன.

"தலைவரே, நில்லுங்க! லாரிக்குப் பின்னாடி பலகை இருக்கு பாருங்க. அதுல ஒரு சொட்டு விழுந்து கையை அரிக்கிற மாதிரி படம் போட்டிருக்கு. அந்த மாதிரி லாரியில இருந்து சிந்தினதை மிதிச்சு ஒரு காவலாளியோட கால் வெந்ததை என் கண்ணால பார்த்தேன்!"

"நான் குட்டியைக் காப்பாத்தணுமா, படம் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

"காத்து அங்கிருந்து நம்ம மேல அடிக்குது. எல்லாரும் சுத்திக்கிட்டு மேட்டுப் பக்கம் போயிடலாம். மதங்கியக்கா வந்துக்கிட்டே இருக்காங்க. தூர நின்னு நீளமான மரத்தால பீப்பாயை நெம்பிடுவாங்க!"

மதங்கி என்பது யானை. அப்படியானால் இன்றைய கட்டிப்பிடி விழா மதங்கிக்கா? பராக்கிரமனின் நினைப்பு அங்கேதான் ஓடியது.

"போடி பயந்தாங்கொள்ளி!" என்று உறுமிவிட்டு நேராகத் தூளுக்குள் பாய்ந்தது. பீப்பாயை ஓங்கி அறைந்து தள்ளியது. மூடி தெறித்தது. மிச்சத் தூளெல்லாம் கரடி மேலும் குட்டி மேலும் கொட்டியது. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பராக்கிரமன் வெளியே வந்தபோது, மாவு மில்லில் விழுந்து எழுந்ததுபோல் இருந்தது. கூட்டம் விசிலடித்தது.

அதற்குள் சிலுப்பி தன் முட்களை உதிர்த்து மண்ணில் வரிசையாக நட்டிருந்தது.

"குட்டியைக் கொண்டுவந்துட்டீங்க, ரொம்ப நல்லது. இந்த முள்வரிசையை மட்டும் தாண்டாதீங்க! முதல்ல தூளை உலர்ந்தபடியே தட்டிவிடணும். அப்புறம் தண்ணியைக் கொட்டிக்கிட்டே இருக்கணும். கொஞ்சமா ஈரம் பட்டா உடம்பு வெந்துடும்!"

"உன்னை யாரும் கட்டிப்பிடிக்க மாட்டாங்கல்ல? அந்த வயித்தெரிச்சல்!" என்றது பராக்கிரமன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிலுப்பிக்குச் சுருக்கென்று வலித்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை. தாய்மான் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. "நக்காதே தாயி! நாக்கு வெந்துடும்!" என்று சிலுப்பி அதைத் தடுத்தது. பராக்கிரமன் குட்டியை அங்கேயே இறக்கிவிட்டு முட்களைத் தாண்டி நடந்தது. வரிசை காத்திருந்ததல்லவா!

"ஒவ்வொருத்தரா வாங்க! தள்ளாதீங்க!" என்று கத்திய கிச்சான், முதலில் ஓடிப்போய்த் தலைவரின் மார்பில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டது. பிறகு காட்டுப்பன்றி, நரி, முயல் கூட்டம் என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அவர்கள் தோளுக்கு மேலாகப் பராக்கிரமன் எட்டிப் பார்த்தது. சிலுப்பி காய்ந்த கிளையால் குட்டியின் மேலிருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் வந்துசேர்ந்த மதங்கி, குளத்துக்கு எட்டத்தில் ஒரு பள்ளத்தில் குட்டியை நிறுத்தி, துதிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சியது. மறுபடி பீய்ச்சியது. நிறுத்தவே இல்லை.

"இத்தனூண்டு குட்டிக்கு இவ்வளவு தண்ணியா!" என்று பராக்கிரமன் நக்கலடித்தது.

வெயில் ஏறியது, வியர்த்தது. பராக்கிரமனின் நெஞ்சு சூடாயிற்று. பெருமைதான் சுடுகிறது என்று அது நினைத்துக்கொண்டது. பத்தொன்பதாவது ஆளைக் கட்டிக்கொண்டபோது பெருமை கொஞ்சம் அதிகமாகவே சுட்டது. இருபதாவது ஆளின்போது, அது பெருமை இல்லை என்று தெரிந்துவிட்டது.

"கன்னம் எரியுதே!" என்று அலறிய கிச்சான், எச்சிலைத் தொட்டு வைத்தது. இன்னும் எரிந்தது. கட்டிப்பிடித்த இருபது பேரும் கதறிக்கொண்டு குளத்தைப் பார்த்து ஓடினார்கள். பராக்கிரமன் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் ஓடியது.

குளக்கரையில் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது சிலுப்பி.

"இறங்காதே! கோடைக்கு இந்த ஒரு குளம்தான் இருக்கு. நாளைக்குக் காடே எதைக் குடிக்கும்?"

பராக்கிரமன் தன் வாழ்நாளில் முதன்முறையாக நின்றது. "இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லு தாயே!" என்று கெஞ்சியது. இதை ஒரு நாழிகைக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

"உதறு! நல்லா உதறு! அப்புறம் பள்ளத்துல போய் நில்லு!"

மதங்கி மாலை வரை தண்ணீர் ஊற்றியது. குட்டி இரண்டே நாளில் துள்ளத் தொடங்கியது. மற்றவர்களுக்குப் புண் ஆற ஒரு மாதம் பிடித்தது. பராக்கிரமனின் மார்பு உள்ளங்கைபோல் வழுக்கையாகிவிட்டது. கிச்சானுக்கு ஒரு கன்னத்தில் முடியே இல்லை. தலைவரை யார் யார் எவ்வளவு இறுக்கிக் கட்டிப்பிடித்தார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் பராக்கிரமன் முழங்கியது. "எதையும் தூர நின்னு பார்த்துட்டுத்தான் கிட்டப் போகணும்னு நான் அன்னைக்கே சொன்னேனே!"

"ஆமாம் தலைவரே!" என்றது கிச்சான், முடியுள்ள கன்னத்தைக் கூட்டத்துக்குக் காட்டியபடி.

தாய்மான் மட்டும் எழுந்து போனது. வளைக்கு வெளியே இருந்த சிலுப்பியின் முன்னால் போய், அதன் முட்களுக்கு ஓரடி தள்ளி நின்று, கண்கலங்கத் தலையைத் தாழ்த்தியது. பின்னாலேயே வந்த குட்டியும் அதேபோல் ஓரடி தள்ளி நின்றது.

ஆபத்துக்குள் ஓடுவதற்குத் துணிச்சல் போதும். அந்த ஆபத்தைத் தன் உடம்பில் ஒட்டிக்கொண்டு ஊருக்குள் கொண்டுவராமல் இருப்பதற்கு அறிவு வேண்டும்.