நூற்றிருபது பீப்பாய்

முன்னொரு காலத்தில், மலையும் கடலும் அருகருகே இருந்த ஒரு நாட்டின் அரசருக்குக் கடல் வணிகன் ஒருவன் மரப்பீப்பாய் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தான். உள்ளே தானியச் சாராயம். பத்து வருடம் அந்தப் பீப்பாயிலேயே கிடந்தது. தேன் நிறம், தொண்டையில் உறுத்தவே இல்லை. விருந்து முடிவதற்குள் பீப்பாய் காலி.

மறுநாள் அரசர், அரண்மனையில் சாராயம் காய்ச்சும் மாடக்கண்ணுவை அழைத்தார்.

"இரண்டு மாதத்தில் அதேபோல் பத்து வருடச் சாராயம் நமக்கு வேண்டும்."

மாடக்கண்ணு கைகட்டி நின்றான். "சாமி, நம்ம சோளச் சாராயத்தோட நாத்தத்தைக் கரியில வடிச்சுப் போக்கிடலாம். வயசு பீப்பாயில கிடந்துதான் வரணும். அதை நான் எங்க போய் வாங்குவேன்?"

"முடியாதென்றால் நாட்டைவிட்டுப் போ."

சபையில் அவனுக்காகப் பரிந்து பேசியவர் விகடர் திருமேனி ஒருவர்தான். அவர்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த தலைமை மந்திரியான பிரதானி வயிரவநாதர் அதைப் பிடித்துக்கொண்டார். "அரசே, இவ்வளவு பரிவு உள்ளவர் பொறுப்பையும் ஏற்கட்டும். தவறினால் இருவரும் சேர்ந்தே எல்லை தாண்டட்டும்."

அரசர் தலையசைத்தார். திருமேனியும் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாடக்கண்ணு அழுதேவிட்டான். "வீட்டுல கைக்குழந்தை இருக்கு சாமி. நீங்க வேற எதுக்கு மாட்டிக்கிட்டீங்க?"

"முதலில் நீ கரியைப் பார்" என்றார் திருமேனி.

கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்து, கழுவி, பானைகளில் அடைத்தார்கள். சாராயத்தை அதன் வழியே சொட்டுச் சொட்டாக மூன்று முறை வடித்ததில் நாற்றம் போயிற்று. தச்சர்கள் குடம் அளவில் சின்னப் பீப்பாய்கள் செய்து, உட்புறத்தைத் தீயில் கருக்கிக் கொடுத்தார்கள். இதற்கே ஒரு மாதம் போய்விட்டது. மறு மாதம் முழுவதும் சாராயம் பீப்பாய்களில் அசையாமல் கிடந்தது.

தவணை நாளில் சபை நடுவே நூற்றிருபது பீப்பாய்கள் நின்றன.

"இதற்கு என்ன வயது?" என்றார் அரசர்.

"பத்து வருடம், அரசே" என்றார் திருமேனி. "ஒவ்வொன்றும் ஒரு மாதம் கிடந்தது. நூற்றிருபது மாதம் சேர்ந்தால் பத்து வருடம்தானே?"

பிரதானி எழுந்தார். "இது ஏமாற்று. தனித்தனி வயதைக் கூட்டிச் சொல்வது எந்த ஊர் வழக்கம்?"

"நம் ஊர் வழக்கம்தான்" என்றார் திருமேனி. "'இருநூறு ஆண்டு அனுபவம் கொண்ட மந்திரிசபை' என்று பிரதானியாரே வாசலில் கல் நாட்டியிருக்கிறார். ஐந்து மந்திரிகளில் மூத்தவருக்கே இன்னும் அறுபது ஆகவில்லை. அவர் கூட்டியபடியே நானும் கூட்டினேன்."

முதலில் அரசரின் மீசை துடித்தது. பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒரு பீப்பாயைத் திறக்கச் சொல்லி ருசி பார்த்தார்.

"வாசனை நன்று. ஆனால் இது இன்னும் குழந்தை. வயதுக்கு ஆணையிட்டது நம் பிழைதான். மாடக்கண்ணு, உன் வேலை உனக்கே."

தம் பொற்கடகத்தைக் கழற்றித் திருமேனியின் கையில் பூட்டினார். "மற்றவை உண்மையாகவே பத்து வருடம் கிடக்கட்டும். காவல் நீர்தான். அதுவரை உம்மை இந்த அரண்மனையிலிருந்து யாரும் அசைக்கக் கூடாது. என்ன சொல்கிறீர், பிரதானியாரே?"

"மிகவும் பொருத்தம், அரசே" என்றார் பிரதானி. அந்த மூன்று சொல்லைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.